மடங்குவது வேறு, நீளுவது வேறு: தோலில் ஒட்டும் ஒளித்திரைகள் இப்போது எந்த இடத்தில் நிற்கின்றன?

கேள்வி இதுதான்: "ரப்பர் போல இழுத்தால் நீளும், தோலில் ஒட்டிக்கொள்ளும் திரை கண்டுபிடித்துவிட்டார்கள் என்று வருடத்துக்கு இரண்டு முறையாவது செய்தி வருகிறது. மடங்கும் போனில் இருப்பதும் இதுவும் ஒன்றுதானா? ரப்பர் எப்படி வெளிச்சம் தரும்? கடைக்கு எப்போது வரும்?"

முதலில் சுருக்கமான பதில். மடங்கும் போனின் திரை இது அல்ல. நீண்டுகொண்டே ஒளிரும் பொருள் உண்மையாகவே இருக்கிறது, அதில் மிகை ஏதும் இல்லை. ஆனால் அந்தப் பொருளைக் காற்றிலும் வியர்வையிலும் இருந்து காப்பாற்றக்கூடிய, தானும் கூடவே நீளக்கூடிய உறை இன்னும் சரியாக அமையவில்லை. செய்திகளில் முன்பாதி மட்டும் வருகிறது; பின்பாதியை யாரும் தலைப்பாகப் போடுவதில்லை.

இனி விரிவாக.

ஒரு தகட்டை வளைத்தால் அதன் வெளிப்பக்கம் கொஞ்சம் நீளும், உள்பக்கம் கொஞ்சம் சுருங்கும், நடுவே ஒரு தளம் இரண்டும் செய்யாமல் அப்படியே இருக்கும். வெளிப்பக்கம் எவ்வளவு நீளும் என்பதற்குப் பள்ளிக் கணக்கு போதும்: தடிமனை, வளைவின் ஆரத்தைப் போல இரு மடங்கால் வகுக்க வேண்டும். 0.1 மி.மீ. தடிமன் உள்ள தகட்டை 5 மி.மீ. ஆரத்துக்கு வளைத்தால் 1 விழுக்காடு நீளும். தடிமனைப் பாதியாக்கினால் அரை விழுக்காடு. மடங்கும் போன் செய்பவர்களின் வித்தை பெரும்பாலும் இந்தக் கணக்குக்குள் அடங்கிவிடும். எல்லா அடுக்குகளையும் முடிந்த அளவு மெலிதாக்கு, உடையக்கூடிய அடுக்கை நடுத்தளத்தின் அருகே வை. அந்தத் திரையை ஒரு லட்சம் முறை மடக்கினாலும் அதற்குள் எந்தப் பொருளும் பெரிதாக நீளுவதில்லை.

இப்போது உங்கள் முழங்கையைப் பாருங்கள். கையை நேராக நீட்டி, முழங்கையின் பின்பக்கம் பேனாவால் 3 செ.மீ. இடைவெளியில் இரண்டு புள்ளி வைத்துவிட்டு மடக்கினால், புள்ளிகள் விலகுவது கண்ணுக்கே தெரியும். மூட்டுகளின் மேல் தோல் 30 விழுக்காடு வரை நீளும் என்பது இந்தத் துறையில் எல்லாரும் கையில் வைத்திருக்கும் எண். சாதாரணத் திரைகளில் ஒளி ஊடுருவும் மின்முனையாக இருப்பது இண்டியம் டின் ஆக்சைடு, சுருக்கமாக ஐடிஓ. அது ஒன்றிரண்டு விழுக்காடு நீண்டாலே விரிசல் விடும். 30-க்கும் 2-க்கும் இடையிலான இந்தத் தூரத்தைக் கடக்கத்தான் இருபது ஆண்டுகளாக ஆள் ஆளுக்கு வழி தேடுகிறார்கள்.

முதல் வழி: நீளாத பொருளையே வைத்துக்கொண்டு, நீளுவதுபோல அமைப்பது. ரப்பர் தளத்தில் சிறு சிறு தீவுகளாக எல்இடிகளைப் பதித்து, அவற்றை நெளிநெளியான கம்பிகளால் இணைத்துவிட்டால், இழுக்கும்போது நெளிவு நிமிரும், தீவு அப்படியே இருக்கும். 2009-இல் இரண்டு குழுக்கள் இதைத் தனித்தனியாகக் காட்டின. இல்லினாய் பல்கலைக்கழகத்தில் ஜான் ராஜர்ஸ் குழு கனிம எல்இடிகளை மெல்லிய சில்லுகளாக உரித்தெடுத்து ரப்பரில் அச்சிட்டது. டோக்கியோ பல்கலைக்கழகத்தில் தகாவ் சோமெயா குழு, ஓஎல்இடி (கரிமப் பொருளால் ஆன எல்இடி) புள்ளிகளைக் கார்பன் நானோகுழாய் கலந்த ரப்பர் கடத்தியால் இணைத்தது.

இந்த வழிதான் தொழிற்சாலைக்கு மிக அருகில் வந்திருக்கிறது. எல்ஜி டிஸ்ப்ளே 2022-இல் 20 விழுக்காடு நீளும் 12 அங்குலத் திரையைக் காட்டியது. 2024 நவம்பரில் அது 50 விழுக்காடு ஆனது: 12 அங்குலத் திரையை 18 அங்குலம் வரை இழுக்கலாம், அங்குலத்துக்கு 100 புள்ளிகள், 10,000 முறைக்கு மேல் இழுத்தாலும் தாங்கும் என்றார்கள். உள்ளே இருப்பது 40 மைக்ரோமீட்டர் அளவிலான மைக்ரோ எல்இடிகள். ஒன்றைக் கவனிக்க வேண்டும். நீள்வதற்கான இடம் முழுவதும் தீவுகளுக்கு நடுவில்தான் இருக்கிறது. புள்ளிகளை நெருக்கினால் நெளிகம்பிக்கு இடம் இல்லை. இடம் விட்டால் படம் கரடுமுரடாகும். போன் திரைகளில் அங்குலத்துக்கு 400 புள்ளிகள் இருப்பது சாதாரணம், இங்கே 100. காரின் முகப்புப் பலகைக்கு அது தாராளம். கையில் வைத்து எழுத்து படிக்கப் போதாது.

இதற்கு ஒரு கிளைவழியும் உண்டு. முழுக் கருவியையும் சில மைக்ரோமீட்டர் தடிமனுக்கு மெலிதாக்கி, முன்பே இழுத்துப் பிடித்த ரப்பரில் ஒட்டிவிட்டு, ரப்பரைத் தளர்த்துவது. படலம் சுருக்கம் சுருக்கமாக மடிந்துகொள்ளும். பிறகு இழுக்கும்போது அந்தச் சுருக்கம் பிரியும். சோமெயா குழு 2016-இல் மொத்தமே 3 மைக்ரோமீட்டர் தடிமனில், விரலில் சுற்றி ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் கருவியைச் செய்தது. அழகான வேலை. ஆனால் சுருக்கம் பிரிந்து தீர்ந்த இடத்தோடு அதன் நீட்சியும் தீர்ந்தது.

இரண்டாவது வழியைத்தான் கேள்வி உண்மையில் கேட்கிறது: ஒளிரும் பொருளே நீள வேண்டும்.

இதிலும் எளிய வகை ஒன்று உண்டு. செம்பு சேர்த்த துத்தநாக சல்பைடு தூள் மாறுமின்புலத்தில் ஒளிரும் என்பதை 1936-இலேயே பாரிஸில் ஜார்ஜ் டெஸ்ட்ரியோ கண்டறிந்தார். கைக்கடிகாரத்தின் முகம் நீலப்பச்சையாக மினுங்குமே, அதே சமாச்சாரம். இந்தத் தூளை சிலிக்கோன் ரப்பரில் குழைத்து, இருபுறமும் நீளும் மின்முனை வைத்தால் வேலை முடிந்தது. தூள் நீள வேண்டியதில்லை, அதைத் தாங்கும் ரப்பர் நீண்டால் போதும். கார்னல் பல்கலைக்கழகத்தில் ராப் ஷெப்பர்ட் குழு 2016-இல் உப்பு கலந்த ஹைட்ரோஜெல்லை (நீர் நிறைந்த கூழ்மம்) மின்முனையாக வைத்து, 480 விழுக்காடு நீண்ட பிறகும் ஒளிரும் தோலைச் செய்தது. அதாவது இருந்ததைப் போல கிட்டத்தட்ட ஆறு மடங்கு நீளம். சாங்காயின் ஃபுடான் பல்கலைக்கழகத்தில் ஹுய்ஷெங் பெங் குழு 2021-இல் இதையே நூலாக்கித் தறியில் நெய்தது. பாவு நூலில் ஒளிரும் தூள் பூச்சு, ஊடு நூல் ஒளி ஊடுருவும் கடத்தி. இரண்டும் ஒன்றையொன்று தாண்டும் ஒவ்வொரு இடமும் ஒரு விளக்குப் புள்ளி. 6 மீட்டர் நீளம், 25 செ.மீ. அகலத் துணியில் சுமார் 5 லட்சம் புள்ளிகள், அதுவும் துவைத்தாலும் தாங்கும் துணி. என் கணிப்பில் இந்தத் துறையில் இதுவரை வந்தவற்றில் நெசவாளருக்குப் பார்த்ததும் புரியக்கூடியது இது ஒன்றுதான்.

குறை என்ன? மின்னழுத்தம். இத்தகைய தூள் நன்றாக ஒளிர நூற்றுக்கணக்கில், தடித்த ரப்பராக இருந்தால் ஆயிரக்கணக்கில் வோல்ட் மாறுமின்னழுத்தம் வேண்டும். மின்னோட்டம் மிகக் குறைவு என்று சமாதானம் சொல்லலாம். இருந்தாலும் வியர்க்கும் கையில் அதைக் கட்டிக்கொண்டு நடப்பதற்கு ஒரு துணிச்சல் வேண்டும்.

ஐந்தாறு வோல்ட்டில் ஒளிர வேண்டுமானால் ஓஎல்இடி பாதைக்கு வந்தாக வேண்டும். கதை 1990-இல் கேம்பிரிட்ஜில் தொடங்குகிறது: பிபிவி என்ற பாலிமரில் மின்சாரம் செலுத்தியபோது அது மஞ்சள்பச்சையாக ஒளிர்ந்தது. ஒரு பக்கத்திலிருந்து எலக்ட்ரான், மறுபக்கத்திலிருந்து மின்துளை, அதாவது எலக்ட்ரான் இல்லாத காலியிடம். இரண்டும் நடுவில் சேரும்போது ஒளி. பாலிமர் என்றவுடன் ரப்பர் போல இருக்கும் என்று நினைக்கத் தோன்றும். அப்படி இல்லை. மின்சாரம் கடத்த வேண்டும் என்பதற்காக அந்தச் சங்கிலியின் முதுகெலும்பு விறைப்பான வளையங்களால் ஆனது. விறைப்பு இருந்தால் மின்சாரம் ஓடும், படலம் உடையும். நெகிழ்வு இருந்தால் படலம் நீளும், மின்சாரம் நிற்கும். நீண்ட காலம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் வண்டி சிக்கிக் கிடந்தது.

லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் சிபிங் பேய் குழு முதலில் ஒரு வாசலைத் திறந்தது. 2011-இல் கார்பன் நானோகுழாய் மின்முனைகளோடு 45 விழுக்காடு வரை நீளும் கருவி. 2013-இல் வெள்ளி நானோகம்பிகளோடு 120 விழுக்காடு. ஒளிரும் அடுக்குக்குள் நகரும் அயனிகளைக் கலந்தது அவர்களின் உத்தி. அயனிகள் இரு மின்முனைகளின் ஓரத்திலும் போய்க் குவிந்து, எலக்ட்ரான் உள்ளே நுழைவதை எளிதாக்கும். மின்முனை எந்த உலோகம் என்ற கவலை குறையும். ஆனால் அயனி நகர நேரம் எடுக்கும், விளக்கு எரியத் தாமதமாகும். வீடியோ காட்டும் திரைக்கு அது சரிவராது.

அடுத்த பெரிய அடி 2022-இல் ஸ்டான்ஃபோர்டில் ஜெனான் பாவ் குழு வைத்தது. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் இதில் எதிர்பாராத ஒன்று நடந்தது. சூப்பர் யெல்லோ என்று விற்கப்படும் பிபிவி வகைப் பாலிமர் ஒன்று இருக்கிறது. நன்றாக ஒளிரும், ஆனால் நீளாது. அதைப் பாலியூரிதேனோடு கலந்தார்கள், விளையாட்டுத் துணியில் நீளும் நூலாக இருக்கிறதே அந்த இனம். கலந்து படலமாக்கியபோது இரண்டும் தனித்தனியே பிரிந்து, ஒளிரும் பாலிமர் மெல்லிய இழைகளாக இடியாப்பம் போலப் பின்னிக்கொண்டது. இடைவெளியைப் பாலியூரிதேன் நிரப்பியது. படலம் இருந்ததைப் போல இரு மடங்கு நீண்டது. இதுவரை எதிர்பார்த்ததே.

மின்சாரம் கடத்தாத பொருளைக் கலந்தால் வெளிச்சம் குறையத்தானே வேண்டும்? கூடியது.

காரணம் பொறிகள். இத்தகைய பாலிமர்களில் நீர், ஆக்சிஜன் போன்ற மாசுகளால் எலக்ட்ரானைப் பிடித்து வைத்துக்கொள்ளும் இடங்கள் ஆங்காங்கே இருக்கும். மின்துளைகள் தாராளமாக ஓடும், எலக்ட்ரான்கள் பொறியில் மாட்டும், இரண்டும் சமமாகச் சேராது, ஒளி வீணாகும். செயலற்ற பொருளைக் கலந்து நீர்க்கச் செய்தால் ஒரு கன அளவில் உள்ள பொறிகள் குறைகின்றன. கடத்தும் பொருளும் கூடவே குறைகிறது என்றாலும், பொறியில் மாட்டும் எலக்ட்ரான்களின் எண்ணிக்கை அதைவிட வேகமாகக் குறைகிறது. ஜெர்மனியின் மைன்ஸ் நகரில் உள்ள மாக்ஸ் பிளாங்க் பாலிமர் ஆய்வு நிறுவனத்தில் பால் பிளோம் குழு இந்த விளைவை 2016-லேயே காட்டியிருந்தது. அவர்கள் நீட்சியைப் பற்றி யோசித்துச் செய்ததல்ல. ஸ்டான்ஃபோர்டில் இரண்டு பலனும் ஒரே கலவையில் கிடைத்தன. உச்ச ஒளிர்வு சதுர மீட்டருக்கு 7,450 கேண்டெலா. வீட்டுக்குள் பார்க்கும் மடிக்கணினித் திரை 300 அளவில் இருக்கும் என்பதோடு ஒப்பிட்டுக்கொள்ளுங்கள். சிவப்பு, பச்சை, நீலம் மூன்றிலும் செய்து காட்டினார்கள். உச்ச ஒளிர்வு என்பது ஒரு கணம் தொட்ட அளவு என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அந்த வெளிச்சத்தில் பல மணி நேரம் ஓட்டுவது வேறு விஷயம்.

இன்னொரு தடை இயற்பியல் வைத்த தடை. எலக்ட்ரானும் மின்துளையும் சேரும்போது அவற்றின் சுழற்சிக் (ஸ்பின்) கணக்குப்படி நான்கில் ஒரு பங்கு ஜோடிகள் மட்டுமே சாதாரண ஒளிர்வுப் பொருளில் ஒளியாகும், மற்ற மூன்று பங்கு வெப்பமாகிப் போகும். அந்த ஒரு பங்கிலும் தட்டையான அடுக்குகளை விட்டு வெளியே வருவது ஏறத்தாழ 20 விழுக்காடு. ஆக, செலுத்திய நூறு எலக்ட்ரானுக்கு வெளியே வரும் ஒளித்துகள் 5. ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில் சிஹாயா அடாச்சி குழு 2012-இல் இதற்கு ஒரு வழி காட்டியது: வீணாகும் மூன்று பங்கையும் அறையின் வெப்பமே தூண்டி, சற்றுத் தாமதமாக ஒளியாக மாற்றும் மூலக்கூறுகள். சிகாகோ பல்கலைக்கழகத்தில் சிஹோங் வாங் குழு 2023-இல் அத்தகைய பாலிமரின் முதுகெலும்புக்குள்ளேயே மென்மையான, நேரான கண்ணிகளைச் செருகியது. ஒளிரும் பகுதி விறைப்பாகவே இருக்கும், நடுவில் உள்ள கண்ணி நீளும். 125 விழுக்காடு நீட்சி, நூற்றுக்கு 10 ஒளித்துகள். அந்த 5 என்ற கூரை உடைந்தது. எல்லா அடுக்குகளும் நீளும் முழுக் கருவியாகச் செய்யும்போது எண் இதைவிடக் குறைகிறது. ஏன் என்பது அடுத்த பத்தியில்.

ஒளிரும் அடுக்கு எவ்வளவு நன்றாக இருந்தாலும் அதற்குள் எலக்ட்ரானை நுழைக்க ஓர் எதிர்மின்முனை வேண்டும். சாதாரண ஓஎல்இடியில் அங்கே கால்சியம், பேரியம், லித்தியம் ஃப்ளூரைடு பூசிய அலுமினியம் போன்றவை இருக்கும்; எலக்ட்ரானை எளிதில் விட்டுக்கொடுக்கும் பொருள்கள். இவை நீளாது, காற்றையும் தாங்காது. நீளும் மின்முனைகளில் பெயர் பெற்றவை வெள்ளி நானோகம்பியும் பிடாட் என்ற கடத்தும் பாலிமரும். இவை மின்துளையை நுழைக்கச் சரி. எலக்ட்ரானை விடத் தயங்கும். இந்தப் பொருத்தமின்மையைச் சரிக்கட்ட நடுவில் மெல்லிய பாலிமர் அடுக்கு ஒன்றைப் போடுகிறார்கள், அதுவும் நீள வேண்டும். ஓர் ஆய்வுக் கட்டுரையை எடுத்துப் பார்த்தால் பாதிப் பக்கம் இந்த ஓர் அடுக்கைப் பற்றியதாகத்தான் இருக்கும்.

இழுக்கும்போது வெளிச்சம் மாறாமல் இருப்பதும் எளிதல்ல. ரப்பர் போன்ற பொருளை ஒரு திசையில் இரு மடங்கு இழுத்தால் தடிமன் சுமார் 0.7 மடங்காகிவிடும். 100 நானோமீட்டர் அடுக்கு 71 ஆகும், அதே வோல்ட்டில் மின்புலம் 1.4 மடங்கு கூடும், வெளிச்சம் ஏறப் பார்க்கும். அதே நேரத்தில் மின்முனையின் தடை கூடுவதால் வெளிச்சம் இறங்கப் பார்க்கும். எது வெல்லும் என்பது கருவிக்குக் கருவி வேறுபடும். படமும் உருமாறும்: ஒரு பக்கம் இழுத்தால் மறுபக்கம் ஒடுங்கும், வட்ட முகம் நீள்முகமாகும்.

சரி, இப்போது உறை. நான் முதலில் சொன்ன பின்பாதி இதுதான், எனக்கு மற்ற எல்லாவற்றையும்விடப் பெரிதாகத் தெரிவதும் இதுதான்.

ஓஎல்இடி பொருள்களுக்கும் மின்முனைக்கும் ஈரம் எமன். ஊசிமுனை அளவு ஓட்டை வழியாக நீராவி நுழைந்தால் அந்த இடத்தில் எதிர்மின்முனை அரித்து, கறுப்புப் புள்ளி ஒன்று தோன்றி, நாளுக்கு நாள் வட்டமாகப் பெருகும். ஆகவே தொழில்துறை வைத்திருக்கும் வரம்பு: ஒரு சதுர மீட்டர் உறை வழியாக ஒரு நாளில் நுழையும் நீராவி ஒரு கிராமில் பத்து லட்சத்தில் ஒரு பங்குக்கு மேல் இருக்கக் கூடாது. அதாவது ஒரு கிராம் ஈரம் நுழைய 2,700 ஆண்டுகளுக்கு மேல் ஆக வேண்டும். கண்ணாடி இதைச் செய்யும். மடங்கும் திரைகளில் கனிமப் படலமும் பாலிமரும் மாற்றி மாற்றி அடுக்கிய மெல்லிய உறை செய்யும். சிலிக்கோன் ரப்பர்? இந்த வரம்பைவிடக் கோடி மடங்கு அளவில் ஈரத்தை விடும். கண்ணுக்கு ஆக்சிஜன் போக வேண்டும் என்பதற்காகவே கான்டாக்ட் லென்ஸில் சேர்க்கப்படும் பொருள் அது.

இது நல்ல சிலிக்கோன் கிடைக்காததால் வந்த பிரச்சினை அல்ல. ஒரு பொருள் நீள வேண்டுமானால் அதன் சங்கிலிகள் அசைய இடம் வேண்டும்; சங்கிலி அசையும் இடத்தில் வாயு மூலக்கூறும் நுழையும். நீளும் தன்மையும் கசியும் தன்மையும் ஒரே காரணத்திலிருந்து வருகின்றன. ரப்பர்களில் குறைவாகக் கசிவது பியூட்டைல், டயர் டியூபில் காற்று நிற்பதற்குப் பயன்படுவது. அதுகூட ஓஎல்இடி கேட்கும் அளவுக்குப் பக்கத்தில் இல்லை. திரவ நிலையிலேயே இருக்கும் காலியம்–இண்டியம் உலோகக் கலவையை மென்மையான உறைக்குள் அடைத்துத் தடுப்பாக்கும் முயற்சிகள் நடக்கின்றன. உலோகம் என்பதால் வாயு நுழையாது, திரவம் என்பதால் எவ்வளவும் நீளும். கெட்டிக்காரத்தனம்தான், ஆனால் உலோகம் ஒளியையும் விடாது. திரையின் முதுகுக்கு அது சரி, முகத்துக்கு என்ன செய்வது?

ஆய்வுக்கூடத்தில் பல கருவிகள் நைட்ரஜன் நிரப்பிய பெட்டிக்குள் அளக்கப்படுவது இதனால்தான். "2,000 முறை இழுத்தோம்" என்று செய்தி வந்தால், எத்தனை நாள் காற்றில் வைத்தீர்கள் என்பதுதான் அடுத்து கேட்க வேண்டிய கேள்வி.

திரைக்குப் பின்னால் உள்ள மின்சுற்று பற்றி ஒரு வரி. ஒவ்வொரு புள்ளியையும் தனியாக இயக்க டிரான்சிஸ்டர் வேண்டும், அதுவும் நீள வேண்டும். பாவ் குழு 2018-இல் ஒரு சதுர செ.மீ.க்கு 347 நீளும் டிரான்சிஸ்டர்களை அச்சிட்டது. அதற்குப் பிறகு அடர்த்தி பல மடங்கு ஏறிவிட்டது. இந்தப் பக்கம் கவலை குறைவு.

கடைக்கு எப்போது என்ற கேள்விக்கு ஆண்டு சொல்வது ஜோசியம். ஆனால் வரிசையைச் சொல்லலாம். முதலில் வருவது தீவுமுறை மைக்ரோ எல்இடி, காரின் உள்பகுதியிலும் விளம்பரப் பரப்புகளிலும். அங்கே கனிம எல்இடி என்பதால் ஈரத்தின் தொல்லை பெரிதில்லை, விலையைப் பொறுத்துக்கொள்ளும் வாடிக்கையாளரும் உண்டு. அடுத்தது மருத்துவப் பிளாஸ்திரி. சாம்சங்கின் ஆய்வு நிறுவனம் 2021-இல் இதைச் செய்து காட்டியது: மணிக்கட்டின் உள்பக்கம் ஒட்டும் பட்டை, இதயத்துடிப்பை ஒளியால் அளந்து, அதை அங்கேயே நீளும் ஓஎல்இடியில் காட்டும், 30 விழுக்காடு வரை நீளும், 1,000 முறை இழுத்தும் வேலை செய்தது. பிளாஸ்திரி இரண்டு மூன்று நாள் உழைத்தால் போதும், பிறகு உரித்துப் போட்டுவிடுவோம். உறைப் பிரச்சினையைத் தீர்க்காமலேயே விற்கக்கூடிய பொருள் அது ஒன்றுதான் என்று நினைக்கிறேன், அதனால்தான் ஒளிரும் பாலிமர்க் குழுக்களில் பல திரையை விட்டுவிட்டு உணரிகள் பக்கம் சாய்கின்றன. அங்கே ஒரு புள்ளி சிவப்பு, ஒரு புள்ளி பச்சை இருந்தால் போதும், நீலம் தேவையில்லை. ஓஎல்இடிகளில் முதலில் மங்கும் நிறம் நீலம் என்பது போன் திரை செய்பவர்களுக்கும் தலைவலி, நீளும் வகையில் அது இன்னும் பெரிய தலைவலி. முன்கையைச் சுற்றி ஒட்டிக்கொண்டு படம் பார்க்கும் முழுவண்ணத் திரைக்கு நீலமும் வேண்டும், உறையும் வேண்டும், இரண்டும் ஆண்டுக்கணக்கில் தாங்கவும் வேண்டும். அது இந்த வரிசையில் கடைசி.